பாட்டம்பாங் குறிப்புகள்

16 ஏப்ரல் 2024

சித்திரைப் பிறப்பு இங்கே கம்போடியாவிலும் இதே நாட்களில்தான். வீட்டு முன்னால் மேசை போட்டு, வாழைப்பழம், இளநீர், பூ, ஊதுபத்தி வைத்து ஆண்டின் தேவதையை வரவேற்றார்கள். இந்தத் தேவதைகள் கபில மகா பிரம்மாவின் ஏழு பெண்கள், கிழமைக்கு ஒருத்தி. இம்முறை ஆண்டு சனிக்கிழமை பிறந்ததால் சனிக்கிழமைக்காரி வந்திருக்கிறாள்.

ஆனால் இன்று பார்த்ததை வேறெங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்காரப் பாட்டியை (யியே என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம்) முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பூ மிதக்கும் வாசனைத் தண்ணீரைப் பேரப்பிள்ளைகள் மொண்டு மொண்டு அவர் தோளில் ஊற்றினார்கள். பிறகு புதுத் துணி கொடுத்துக் கும்பிட்டார்கள். தீபாவளியன்று அப்பாயி எங்களை வரிசையாக உட்கார வைத்து எண்ணெய் தேய்ப்பார். அவரை நாங்கள் ஒருநாளும் குளிப்பாட்டியதில்லை. பெற்றவர்களுக்குச் செய்யும் இந்தச் சடங்கு நம்மிடமும் இருந்திருக்கலாம் என்று மனதாரத் தோன்றியது.

யியேயின் கடைசிப் பேரனைக் கண்டால் தலையைத் தடவத்தான் கை போகிறது. இங்கே அது ஆகாது. குழந்தையானாலும் தலையைத் தொடக் கூடாது.

11 மே

அரிசி ஆலையில் உடன் வேலை பார்க்கும் பையனுக்குக் கல்யாணம். தெருவை அடைத்துப் பந்தல். காலையிலேயே மாப்பிள்ளை வீட்டாரோடு பழத்தட்டுகளை ஏந்தி, இரண்டிரண்டு பேராகப் பெண் வீட்டுக்கு நடந்தோம். சடங்கின் கடைசியில் மாப்பிள்ளை, பெண்ணின் மேலாடை நுனியைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னாலேயே அறைக்குள் போகிறான். இங்குள்ள பழங்கதையில் நாக இளவரசியை மணந்த பிரா தாவோங் அப்படித்தான் அவளைப் பற்றிக்கொண்டு நாகலோகம் போனானாம்.

வாழ்க்கையும் பெரும்பாலும் அந்தக் கதைப்படியே நடக்கிறது. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்கிறான். பணம் தருவதும் அவன் வீடுதான். பெண்ணுக்கு ஊட்டிய தாய்ப்பாலுக்கு ஈடாக அவள் அம்மாவின் கையில் போகிறது. அக்கா கல்யாணத்துக்காக அப்பா விற்ற இரண்டு மா நிலம் நினைவுக்கு வந்து, விருந்தில் சோறு இறங்கவில்லை. இதிலும் பாரம் இல்லாமல் இல்லை. இந்தத் தொகையைச் சேர்க்கவே தாய்லாந்துக்கு வேலைக்குப் போன பையன்கள் உண்டு. இருந்தாலும் பெண் பிறந்தாள் என்று பெருமூச்சு விடும் வீட்டை இங்கே நான் பார்க்கவில்லை.

30 ஜூலை

விடாத மழை. பிக்குகள் மழைக்காலத் தவத்துக்கு விகாரையில் தங்கிவிட்டார்கள். மூன்று மாதம் கல்யாணம் கிடையாது. ஊரில் ஆடி.

கடையில் டாலர் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தாலும் வாங்க மாட்டார்கள். கசங்கிய ரியெல் நோட்டுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. டாலருக்கு நாலாயிரம் ரியெல் சொச்சம்.

27 செப்டம்பர்

ஊரில் மகாளய பட்சம். அதே தேய்பிறைப் பதினைந்து நாளும் இங்கே பிச்சும் பென். இன்று யியேயோடு நானும் விகாரைக்குப் போனேன். அதிகாலை நான்கு மணி, கும்மிருட்டு. எள் கலந்த ஒட்டரிசிச் சோற்றை உருண்டை பிடித்துத் தட்டில் அடுக்கி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விகாரையை மூன்று முறை சுற்றி, உருண்டைகளை இருட்டில் வீசினோம். பாவம் சுமக்கும் பிரேதங்களுக்கு வாய் ஊசித் துளை அளவுதானாம், வெளிச்சமும் ஆகாதாம். அதனால்தான் விடியும் முன்பே. ஏழு விகாரையில் தேடியும் தமக்குச் சோறு கிடைக்காவிட்டால் அவை சபித்துவிடும் என்கிறார்கள்.

எள்ளும் பிண்டமும் எனக்குப் பழக்கம்தான். ஆனால் காவிரிக் கரையில் நான் கண்டது, வீட்டு ஆண் ஒருவன் தர்ப்பையோடு உட்கார்ந்திருக்க மற்றவர்கள் விலகி நிற்பதைத்தான். இங்கே கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள். தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளும் உருண்டை வீசுகிறார்கள். காக்கைக்காகக் காத்திருப்பதும் இல்லை.

திரும்பும் வழியில் யியே தாமாகவே சொன்னார். 1977இல் அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் அப்போது நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். எந்த நாளில் செத்தார்கள், எங்கே புதைத்தார்கள், ஒன்றும் தெரியாது. ஊருக்கு வெளியே பனொம் சம்பௌ குன்றின் குகைகளில் அப்படிக் கொல்லப்பட்டவர்களின் எலும்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். யியே ஒருமுறை போய்விட்டு வந்ததோடு சரி. இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம் என்று நம்மிடம் ஒரு வழி உண்டு. எப்போதாவது ஒரு வீட்டுக்குத்தான் அது தேவைப்படும். 1975 முதல் 1979 வரை பதினைந்து முதல் இருபது லட்சம் பேர் மாண்ட இந்த நாட்டில் வீட்டுக்கு வீடு தேவைப்படுகிறது. முகம் தெரியாத பிரேதங்களுக்கும் சேர்த்து ஏன் சோறு வீசுகிறார்கள் என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தன் அண்ணன்களுக்கு யாரோ, எங்கோ வீசியிருப்பார்கள் என்று யியே நம்புகிறார்.

1 அக்டோபர்

நாளை அமாவாசை, இங்கும் ஊரிலும். சமையற்கட்டில் வாழையிலையில் சுற்றிய ஒட்டரிசிப் பலகாரம் ஆன்சாம் வேகிறது. பன்றிக்கறி வைத்தது ஒரு பானை, வாழைப்பழம் வைத்தது ஒரு பானை.

பிக்குகள் ஓதும்போது வாசிக்க, இறந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொடுக்க வேண்டும். உன் வீட்டுப் பெயர்களையும் சொல், ஏழு தலைமுறைக்குச் சொல்லலாம் என்றார் யியே. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று மூன்றோடு நின்றேன். தர்ப்பணத்தில் கேட்பது மூன்று தலைமுறைதான். பெண்கள் பெயர் எங்கே என்று கேட்டார். அம்மாவைப் பெற்ற ஆச்சி பெயர் தெரியும், அப்பாயி பெயர் தெரியும். கொள்ளுப்பாட்டி பெயருக்கு மன்னார்குடி அத்தைக்குப் போன் செய்தேன்.

“அவங்க பேரு யாருக்குடா தெரியும்? மேலத்தெரு ஆயான்னுதான் கூப்பிடுவோம்” என்றார் அத்தை.

யியேயிடம் அப்படியே சொன்னேன். அதையே எழுதலாம், கூப்பிட்ட பெயர் போதும், வந்துவிடுவார்கள் என்றார். விகாரையில் சடங்குகளை நடத்தும் ஆச்சார் நான் சொல்லச் சொல்லக் கேட்டு, கெமர் எழுத்தில் ‘மேலத்தெரு ஆயா’ என்று எழுதிக்கொண்டார். சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை வாசித்தும் காட்டினார்.