துப்பாக்கிக்கும் சைக்கிளுக்கும் பிறந்த வண்டி

“இவனுக்கு அப்பன் துப்பாக்கி செஞ்சவன், ஆத்தா சைக்கிள் செஞ்சவ.”

தன்னுடைய எஸ்டி மோட்டார் சைக்கிளைத் துடைக்கும்போதெல்லாம் சித்தப்பா இதைச் சொல்வார். பெங்களூர் அல்சூரில் எங்கள் சந்துக்குள் ஞாயிறு காலை அந்த இரட்டைச் சைலன்சர் சத்தம் கேட்டால் பிள்ளைகள் எல்லாரும் வாசலுக்கு ஓடுவோம். ஐ.டி.ஐ. தொழிற்சாலையின் டூல் ரூமில் வேலை பார்த்தவர் அவர். எதையும் அளந்துதான் பேசுவார். அந்த வாக்கியத்துக்கு விளக்கம் கேட்டால், “அப்புறம் சொல்றேன்டா” என்பார். அந்த ‘அப்புறம்’ வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். வண்டி என்னிடம் வந்தது. வாக்கியமும் கூடவே வந்தது.

பல வருஷம் அதைச் செல்லப் பேச்சாகவே நினைத்திருந்தேன். அதன் வேரைத் தேட வைத்தது நந்தி மலைச் சாலை.

ஞாயிறு விடியலில் அந்தச் சாலையை இரண்டு கூட்டம் பங்குபோட்டுக்கொள்கிறது. ஒன்று எங்களைப் போன்ற பைக் குழுக்கள். முன்னால் லீட், கடைசியில் ஸ்வீப், நடுவில் ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறிப் போவோம். இன்னொன்று சைக்கிள்காரர்கள். காரஹள்ளி கிராஸில் கூடி, 1,478 மீட்டர் உயரமுள்ள அந்த மலையைக் காலால் மிதித்தே ஏறுகிறவர்கள். பெங்களூர் பைசைக்கிள் சாம்பியன்ஷிப்ஸ் மாதிரியான உள்ளூர்ப் பந்தயங்களுக்குப் பழகுகிறவர்களும் அவர்களில் உண்டு. ஒரு ஞாயிறு தேவனஹள்ளி தாண்டி டீக்கு நிறுத்தியபோது எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார்: “சைக்கிளுக்கு மெயின் ரோட்டுல என்ன வேலை? ரோடு இன்ஜினுக்குப் போட்டது.” நாலைந்து பேர் தலையாட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. சித்தப்பாவின் வாக்கியத்தை எடுத்துச் சொன்னேன். ராயல் என்ஃபீல்டு புல்லட் வைத்திருக்கும் நண்பர் சிரித்துவிட்டார். “பாஸ், அது உங்க வண்டிக் கதை இல்ல, எங்க வண்டிக் கதை. உங்க சித்தப்பா மாத்திச் சொல்லிட்டார்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் ஊசிக்குப் பேர்போனது. அங்கே ஊசி செய்துகொண்டிருந்த டவுன்செண்ட் என்ற நிறுவனம் சைக்கிளுக்கு மாறியது. 1891இல் ஆல்பர்ட் ஈடியும் பாப் வாக்கர் ஸ்மித்தும் அதை வாங்கினார்கள். என்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரி பாகம் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில்தான் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்தார்கள். பீரங்கி முத்திரையும், துப்பாக்கியைப் போலச் செய்தது என்ற வாசகமும் வந்து சேர்ந்தன. முதல் மோட்டார் சைக்கிள் 1901இல்தான் வந்தது. 1955இல் அந்தக் குலம் சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் குடியேறியது. துப்பாக்கி, சைக்கிள் இரண்டும் அந்தக் கதையில் அச்சாகப் பொருந்தின. சித்தப்பா புல்லட்காரர்களோடு பழகியவர். எங்கேயோ கேட்டதைத் தன் வண்டிக்குச் சூட்டியிருக்கலாம். குழுவில் எல்லாரும் அப்படித்தான் முடிவுகட்டினார்கள்.

நான் விடவில்லை. பத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைகிற மனிதர், கேள்விப்பட்டதை அப்படி மாற்றிச் சொல்வாரா?

எஸ்டி பிறந்த இடம் மைசூர். அங்கேயே போய்க் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். 2023 ஆகஸ்ட் முதல் மைசூர் விரைவுச்சாலையில் இருசக்கர வண்டிக்கு இடமில்லை. சர்வீஸ் ரோட்டிலேயே ராமநகரம், சன்னபட்டணம், மத்தூர் என்று ஊர் ஊராக நுழைந்து போனேன். யாதவகிரியில் ஐடியல் ஜாவாவின் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேசினேன். ருஸ்தம் இரானியும் ஃபரூக் இரானியும் தொடங்கிய கம்பெனி, 1961இல் ஜெயசாமராஜ உடையார் திறந்துவைத்த ஆலை, 1973இல் எஸ்டி என்று மாறிய பெயர், 1978இல் வந்த ரோட்கிங், 1996இல் விழுந்த பூட்டு என்று எல்லாவற்றையும் நேற்று நடந்ததைப் போலச் சொன்னார்கள். சைக்கிளைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. “இங்க சைக்கிள் எதுவும் பண்ணலையே” என்றார்கள். தொழிலாளிகள் சைக்கிளில் வேலைக்கு வந்தார்கள் என்பது ஒன்றுதான் கிடைத்தது.

ஜூலை இரண்டாம் ஞாயிறு பெங்களூரில் ஜாவா தினம் நடக்கும். ஜாவாக்களும் எஸ்டிகளும் ஒரே மைதானத்தில் நீல நீலமாகப் புகை விட்டுக்கொண்டு நிற்கும். அங்கேயும் கேட்டுப் பார்த்தேன். அங்கே ஒருவர் கைகாட்டித்தான் அந்த மெக்கானிக்கிடம் போனேன். அல்சூரிலேயே, எங்கள் பழைய வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. ஜாவா, எஸ்டி தவிர வேறு வண்டியைத் தொடமாட்டார்.

“அண்ணே, ஜாவாவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்?”

“ஒண்ணும் கிடையாது. இது மைசூர் வண்டி.”

“வெளிநாட்டுக் கம்பெனிதானே மூலம்?”

“யார் சொன்னா? டிராயிங் அங்கிருந்து வந்திருக்கலாம். கை இங்க உள்ளது. நீ டிராயிங்லயா ஓட்டற?”

எத்தனை தடவை போனாலும் இதே பதில். கேள்விக்குப் பதிலாக வேலையைத்தான் காட்டுவார். கிக்கரைத் தொடச் சொன்னார். ஜாவாவின் கிக்கரும் கியரும் ஒரே லிவர். உள்பக்கமாக அழுத்தி மேலே தூக்கினால் கிக்கர்; இன்ஜின் பிடித்ததும் இறக்கிவிட்டால் அதுவே கியர். “உலகத்துல எவனுக்குத் தோணும் இது? மைசூர்காரனுக்குத்தான் தோணும்” என்றார். செக்கோஸ்லோவாகியாவில் செய்த ஜாவாவிலேயே அந்த லிவர் இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் போனபோது ரோட்கிங் ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தை விரலால் சுழலவிட்டு, ரிம் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்தார். ரிம் வெளியே வரும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்து ஸ்போக்குகளைச் சின்ன ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்று ‘ணங்’ என்றது, அடுத்தது ‘டொக்’ என்றது. டொக்கென்றதற்குக் கால் திருகு இறுக்கம். எதிர்ப்பக்கத்தில் கால் திருகு தளர்வு. மறுபடி சுழலவிட்டார். சாக்பீஸில் ரிம் படவே இல்லை.

“இதை எங்க கத்துக்கிட்டீங்க அண்ணே? மைசூர்லயா?”

“மைசூர்ல யார் சொல்லித் தருவா? சைக்கிள் கடையில. பன்னெண்டு வயசுல பஞ்சர் ஒட்டப் போனேன். அப்ப வந்த மெக்கானிக் எல்லாம் சைக்கிள் கடையில இருந்து வந்தவன்தான். கோட்டம் எடுக்கத் தெரியாதவன் மோட்டார் சைக்கிளைத் தொடக்கூடாது.”

ஜாவாவுக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தமே இல்லை என்று சாதித்தவர் வாயாலேயே இது வந்தது. அதுவரை ஒரு கம்பெனியின் பிறப்புச் சான்றிதழைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது தொழில் கை மாறிய வழியை என்று அன்றைக்குப் புரிந்தது.

மைசூரை விட்டுவிட்டு, ஜாவா பிறந்த பிராகாவுக்குப் போனேன், புத்தகங்கள் வழியாக. ஃபிரான்டிசெக் யானெச்செக் ஓர் ஆயுத உற்பத்தியாளர். கையெறி குண்டு வடிவமைத்தவர். 1920களின் கடைசியில் ராணுவ ஆர்டர்கள் வற்றியபோது, லேத்துகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. 1929இல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கினார். இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளும் சேர்ந்து ஜாவா ஆயிற்று. அந்த வாண்டரர் யார்? 1885இல் கெம்னிட்ஸ் நகரில் விங்கிள்ஹோஃபர், யேனிக்கே என்ற இருவர் தொடங்கிய சைக்கிள் கடை! பிறகுதான் அது மோட்டார் சைக்கிளும் காரும் தட்டச்சு இயந்திரமும் செய்தது. இன்றைய ஆடி காரின் நான்கு வளையங்களில் ஒன்று அந்தக் கடையின் வாரிசு.

அப்பன் துப்பாக்கி செய்தவன், ஆத்தா சைக்கிள் செய்தவள். சித்தப்பா ஒரு எழுத்துகூடப் பிசகாமல் சொல்லியிருக்கிறார்.

புல்லட் நண்பர் சொன்னதும் பொய்யில்லை. இரண்டு வண்டிக்கும் ஒரே ஜாதகம். பர்மிங்காம் துப்பாக்கிக்காரர்கள் 1861இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. முதலில் சைக்கிளுக்கும், 1910இல் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது. சுவீடனின் ஹஸ்க்வர்னா துப்பாக்கியில் தொடங்கி, 1896இல் சைக்கிள், 1903இல் மோட்டார் சைக்கிள் என்று வந்தது. காரணம் பட்டறைக்குள்ளேயே இருக்கிறது. துப்பாக்கிக் குழலைத் துல்லியமாகக் கடையத் தெரிந்தவனுக்கு ஹப்பும் பேரிங் கிண்ணமும் கடைவது எளிது. மெல்லிய எஃகுக் குழாயை இணைத்து ஃபிரேம் கட்ட, செயின் போட, ஸ்போக் வரிசை பின்னச் சைக்கிள் கற்றுக்கொடுத்தது. அந்த ஃபிரேமில் இன்ஜினைத் தூக்கி வைப்பது அடுத்த படி.

ஆனால் அந்தப் படியில் ஏன் ஏறினார்கள்? இந்தக் கேள்விதான் என்னைச் சைக்கிள் பந்தயத்திடம் கொண்டுபோய் விட்டது.

ஜார்ஜ் ஹெண்டீ அமெரிக்காவில் பேர்பெற்ற சைக்கிள் பந்தய வீரர். பிறகு பந்தயம் நடத்துபவரானார். சைக்கிள் பந்தயத்தில் பெரிய எதிரி காற்று. முன்னால் ஒருவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போனால், பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அதனால் 1890களில் வீரனுக்கு முன்னால் மூன்று பேர், நான்கு பேர் மிதிக்கும் நீளச் சைக்கிள்களை ஓட்டினார்கள். அவர்களும் களைத்துப்போனார்கள். களைக்காத ஒன்று வேண்டும் என்று சைக்கிளில் இன்ஜினைப் பொருத்தினார்கள். அந்த வழிகாட்டி வண்டி திணறாமல், துள்ளாமல், ஒரே வேகத்தில் ஓட வேண்டும். அப்படி ஓட்டிக்காட்டியவர் சுவீடனிலிருந்து வந்த ஆஸ்கர் ஹெட்ஸ்ட்ராம். அவருடைய கார்புரேட்டர் அவ்வளவு சீராக வேலை செய்தது. 1901இல் ஹெண்டீ அவரோடு கைகோத்தார். இந்தியன் மோட்டார் சைக்கிள் பிறந்தது. மிதிக்கிறவனுக்குக் காற்றை மறைக்கவென்றே ஓர் இன்ஜின் பழக்கப்பட்டு, அதிலிருந்து ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் கம்பெனி முளைத்தது. அந்த வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2000 சிட்னி முதல் ஒலிம்பிக்கில் நடக்கும் கெய்ரின் பந்தயத்தில், ஒரு மோட்டார் வண்டிக்குப் பின்னால்தான் வீரர்கள் முதல் சுற்றுகளை ஓடுகிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தபின் நந்தி சாலையில் பந்தயம் பார்க்கப் போனேன். ஒரு திருப்பத்தில் நின்றேன். முதலில் வந்தது பைலட் பைக். கையசைத்து எதிர் வண்டிகளை ஓரம் கட்டியபடி வந்தது. பின்னால் முன்னணிக் கூட்டம். சங்கிலி ஓட்டமும் மூச்சிரைப்பும் தவிர வேறு சத்தமில்லை. முன்னால் இருந்தவர் முழங்கையைச் சின்னதாக அசைத்தார். அடுத்தவர் மறுபேச்சில்லாமல் முன்னால் வந்து காற்றை வாங்கிக்கொண்டார். இப்படிப்பட்ட பெங்களூர்ப் பந்தயங்களில் வளர்ந்த நவீன் ஜான்தான் 2016இல் தோஹாவில் உலக சாம்பியன்ஷிப் நேரப் பந்தயத்தில் ஓடினார். இந்தக் கூட்டத்தில் அடுத்தவர் யார் என்று யாருக்குத் தெரியும்?

கண்டுபிடித்ததை எங்கள் குழுவில் முழுசாகச் சொன்னேன். பேச்சோடு நிற்கவில்லை. சைக்கிள் கூட்டத்தை நெருங்கும்போது லீட் கை காட்டி வேகம் குறைக்க வேண்டும், ஒற்றை வரிசையாக, ஹாரன் இல்லாமல், அகல இடம் விட்டுக் கடக்க வேண்டும் என்று இப்போது எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பந்தய நாளில் திருப்பங்களில் நிற்கவும் பைலட் ஓட்டவும் ஆள் தேவைப்படும். அதற்கு முதலில் பெயர் கொடுத்தவர் புல்லட் நண்பர். எஸ்டியின் டூ ஸ்ட்ரோக் புகையை மூச்சிரைக்கிறவர்கள் முகத்தில் ஊதக்கூடாது என்பதால், கடைசி வீரருக்குப் பின்னால் வரும் ஸ்வீப் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்ஜின் வைத்திருக்கும் எல்லாரையும் அழைக்கிறேன். ஒரு ஞாயிறை இதற்குக் கொடுங்கள். மிதிக்கிறவர் வேகத்துக்கு நம் வண்டியை அடக்கி, ஒரே சீராக ஓட்டுவது எவ்வளவு தேர்ச்சி கேட்கிற வேலை என்று அங்கேதான் தெரியும். ஹெட்ஸ்ட்ராம் தன் இன்ஜினைப் பழக்கியது அந்த வேலைக்குத்தான்.