டீச்சர், நீங்க எங்க நிப்பீங்க?



போன வாரம் பெரியவள் கல்யாணப் படங்கள் நான்கைப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து போன் ஓயவில்லை. "என்ன கேமரா டீச்சர்? விடியற்காலை முகூர்த்தம், ஆனா பிளாஷ் போட்ட மாதிரியே தெரியலையே" என்று பத்துப் பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். ஒரே ஒருத்தி மட்டும் வேறொரு கேள்வி கேட்டாள். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் பாடம். பென்ஷன் வாங்க ஆரம்பித்தாலும் பழக்கம் போகவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுத்தவன் என் பழைய மாணவன். ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்ச். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் முகம் வாடிப்போய் வீட்டுக்கு வந்தான். பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல்யாணம் எடுத்திருக்கிறான். பெண் வீட்டுக் கூடத்திலேயே தாலி கட்டு. இரண்டு டியூப் லைட், ஒரே ஹோமப் புகை. இவன் பிளாஷ் அடித்ததும் வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெள்ளைப் படலம். பிளாஷ் இல்லாமல் எடுத்த படங்களில் கை எல்லாம் அசைந்து கலங்கிக் கிடந்தது. வீட்டுக்காரர் பேசிய தொகையில் பாதிதான் கொடுத்தாராம்.

"85 எஃப் 1.4 லென்ஸ் வாங்கிடறேன் டீச்சர். லட்சத்துக்கு மேல ஆகும். அவ செயினை அடகு வெக்கறேன். மீதிக்கு நீங்க இருபதாயிரம் கைமாத்தா கொடுத்தா போதும்" என்றான்.

எனக்குப் பகீர் என்றது. அந்தப் பெண்ணுக்கு இருப்பதே அந்த ஒரு செயின்தான். "பணம் தரேன். ஆனா முதல்ல கணக்குப் போடு" என்றேன்.

அவனிடம் இருந்தது நிக்கான் டி5600. அதோடு வந்த 18-55 ஜூம் லென்ஸ். ஜூம் என்றால் நின்ற இடத்திலிருந்தே கிட்டே இழுக்கலாம், தள்ளலாம். பிரைம் லென்ஸுக்கு ஒரே பார்வைதான். கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். அதற்குப் பதிலாக பிரைம் என்ன தருகிறது என்றால், பெரிய வாசல். லென்ஸின் குவியத் தூரத்தை அந்த எஃப் எண்ணால் வகுத்தால் வருவது வாசலின் விட்டம். 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8 என்றால் 50ஐ 1.8ஆல் வகுங்கள். கிட்டத்தட்ட 28 மி.மீ. ஒரு பத்து ரூபாய் நாணயம் அளவு. அவனுடைய ஜூமை 50க்கு இழுத்தால் எஃப் 5.6 வரைதான் திறக்கும். வகுத்தால் 9 மி.மீ. சட்டைப் பட்டனைவிடச் சிறியது. விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பு எத்தனை மடங்கு? எட்டாம் வகுப்பில் தூங்கியவர்கள் இப்போதாவது சொல்லுங்கள். ஒன்பது மடங்கு! அவ்வளவு வெளிச்சம் ஒரே சமயத்தில் உள்ளே வருவதால் ஷட்டரை வேகமாக மூடலாம். அதனால்தான் இதை ஃபாஸ்ட் லென்ஸ் என்கிறார்கள்.

"என் லென்ஸ்ல விஆர் இருக்கு டீச்சர், கை நடுங்கினாலும் பிடிச்சுக்கும்" என்றான். உண்மைதான். ஆனால் அது பிடிப்பது உன் கை நடுக்கத்தை. மாப்பிள்ளை கையில் முடிச்சு ஓடுவதை அது பிடிக்காது. அதற்கு ஷட்டர் 1/125 வினாடியாவது வேண்டும். அந்தக் கூடத்தில் எஃப் 5.6இல் அதை எடுக்க ஐ.எஸ்.ஓ. 6400 வைத்திருக்கிறான். படம் முழுக்க ரவை கொட்டினது போல் புள்ளி. எஃப் 2க்குத் திறந்தால் அதே படத்துக்கு 800 போதும்.

"அதான் டீச்சர், 1.4 இன்னும் நல்லது" என்றான். 1.8க்கும் 1.4க்கும் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். விலையிலோ பல மடங்கு. அது கிடக்கட்டும். அவன் கேட்காத கேள்வி, தான் எங்கே நிற்கப் போகிறோம் என்பது.

கூடத்தில் இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு மணமக்கள் என்றேன். நடுவில் அரிவாள்மனைப் பலகையை வைத்து ஹோம குண்டம் என்றேன். அவனை எதிரில் நிற்கச் சொல்லித் தையல் டேப்பால் அளந்தேன். 2 மீட்டர். அதற்குமேல் பின்னால் போக முடியாது. வீடியோக்காரர் நிற்பார், அவருக்குப் பின்னால் செல்போனைத் தூக்கிக்கொண்டு சித்தப்பாக்கள் நிற்பார்கள்.

இனி வடிவொத்த முக்கோணம். அவன் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மி.மீ. அதை லென்ஸின் மி.மீ.யால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால் எவ்வளவு அகலம் படத்தில் விழும் என்று தெரியும். 2 மீட்டரில் 35 மி.மீ. லென்ஸுக்கு 1 மீட்டர் 34 செ.மீ. பெண், மாப்பிள்ளை, இரண்டு மாலை, எல்லாம் அடங்கும். 50க்கு 94 செ.மீ. மாப்பிள்ளை தோள் வெட்டுப்படும். அவன் ஆசைப்பட்ட 85க்கு 55 செ.மீ. ஒரு முகம், அவ்வளவுதான்.

இன்னொன்று. வாசலைப் பெரிதாகத் திறக்கத் திறக்க, தெளிவாக விழும் ஆழம் குறையும். அதே 2 மீட்டரில் 85ஐ எஃப் 1.4இல் வைத்தால் தெளிவு ஏறக்குறைய 3 செ.மீ.க்குத்தான். மூக்கு நுனி தெளிவாக இருந்தால் கண் மங்கும். தாலி தெளிவு, பெண் முகம் மங்கல் என்று ஆல்பம் கொடுத்தால் மிச்சப் பாதிப் பணமும் வராது. 35ஐ எஃப் 2இல் வைத்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேல் ஆழம் கிடைக்கிறது. இருவரும் பிழைத்தார்கள்.

பையன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு, "35 எஃப் 1.8 போதும்ல டீச்சர்?" என்றான். "அதை நீயே சொன்னதுதான் எனக்குச் சந்தோஷம்" என்றேன்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை மட்டும். இவன் நண்பன் ஒருவன் மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய 'டி' வகை 50 மி.மீ. லென்ஸ் வாங்கி, அது தானாக ஃபோகஸ் ஆகாமல் திண்டாடினான். அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவில் உள்ள மோட்டார்தான் அதைத் திருப்ப வேண்டும். டி5600 போன்ற சின்ன கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை. நிக்கானில் 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இவன் அப்படியே வாங்கினான். செயின் அந்தப் பெண் கழுத்திலேயே இருக்கிறது. என் இருபதாயிரமும் எட்டு மாதத்தில் திரும்பி வந்தது.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன்.

முகூர்த்தம் காலை நாலரை - ஆறு. முதல் நாள் சாயங்காலம் அவன் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தான். எந்த விளக்கு எரியும், ஐயர் எந்தப் பக்கம் உட்காருவார், நாத்தனார் எந்தப் பக்கம் வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டான். அப்புறம் கேட்டான்: "டீச்சர், நீங்க எங்க நிப்பீங்க?"

"நான் தூண் பக்கமா நின்னுக்கறேன்டா" என்றேன். அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது. தாரை வார்க்க என் தம்பியும் அவன் மனைவியும் உட்கார்ந்தார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. தூணிலிருந்து மேடைக்கு நடந்து பார்த்தான். ஆறு மீட்டர் இருக்கும்.

மறுநாள் மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதை 35இல் எடுத்தான். அடுத்த முடிச்சுகளுக்கு நாத்தனார் கை வைத்ததும், எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் திரும்பினான். தோளில் இன்னொரு கேமரா. அதில் 85 மி.மீ., எஃப் 1.8. திருச்சியிலிருந்து ஒரு நாள் வாடகைக்கு எடுத்து வந்திருக்கிறான். எனக்குச் சொல்லவே இல்லை. பிளாஷ் அடித்திருந்தால் நான் முகத்தைத் திருப்பியிருப்பேன், அவனுக்குத் தெரியும்.

நீங்கள் எல்லோரும் பாராட்டிய நான்காவது படம் அதுதான். ஒரு கை தூணில். இன்னொரு கை மூடியே இருக்கிறது. எல்லோரும் தூவி முடித்த பிறகும் என் அட்சதை என் கையிலேயே இருந்தது. தூவ மறந்துவிட்டேன் என்பதே படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

என் கல்யாணம் 1985. பன்னிரண்டு படம் விழும் 120 ரோல். போட்டோக்காரரின் பிளாஷ் சார்ஜ் ஆவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது. அந்த ஒரு படம் எங்களிடம் இல்லை என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்தில் அந்த நிமிடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதில் நான் ஆறு மீட்டர் தள்ளி நிற்கிறேன்.

அந்த ஒருத்தி கேட்ட கேள்வி இதுதான்: "ஏன் டீச்சர் நீங்க மேடையில இல்ல?"

இரண்டு நாள் யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன். என்னை யாரும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் ஒரு வார்த்தை வரவில்லை. யாராவது சொல்லிவிடுவார்களோ என்று, சொல்வதற்கு முன்னாலேயே நானாகப் போய் நின்றுகொண்டேன். 36 வருடம் கடைசி பெஞ்சில் ஒளிந்தவர்களை எல்லாம் "முன்னால வா" என்று கூப்பிட்டவள் நான். என் பெண் கல்யாணத்தில் நானே கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். பெரியவள் அந்தப் படத்தைப் பார்த்து அழுதாளே, படம் நன்றாக இருக்கிறது என்று அழவில்லை.

சின்னவளுக்குத் தை மாதம் நிச்சயமாகியிருக்கிறது. பெரியவர்கள் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால் இப்போதே போன் செய்து சொல்லிவிடுங்கள், பேசிக்கொள்வோம். முகூர்த்தத்தன்று வேண்டாம்.

போட்டோக்காரப் பையனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். "இந்தத் தடவை 85 வாடகைக்கு எடுக்காதே, காசு மிச்சம். உன் 35 போதும். நான் இரண்டு மீட்டருக்குள்ளதான் நிப்பேன்."

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்