கெலிஓயா வான்கோழிக் குறிப்பேடு

ஜனவரி 4
நத்தார் விற்பனை முடிந்தபின் சிறு மந்தைகளில் எஞ்சுவன பேடுகளும் ஓரிரு சேவல்களுமே. பருத்த சேவல்கள் நல்ல விலைக்குப் போய்விடுவதால், அடுத்த தலைமுறையின் தந்தை எதுவென்பதை வளர்ப்பவர் அன்றிச் சந்தையே தீர்மானித்துவிடுகிறது. ஒன்பது பேடுகளுக்கு ஒரு சேவல் போதும் என்னும் எண்ணம் முட்டை கருக்கொள்வதைப் பொறுத்தவரை சரியே. ஆனால் பிறப்புரிமைப் பல்வகைமையை, அதாவது பரம்பரையலகுகளின் வெவ்வேறு வடிவங்கள் மந்தைக்குள் நிலைத்திருப்பதைப் பொறுத்தவரை, அது பெருந்தவறு.

ஜனவரி 11
தலைகளை எண்ணுவது மந்தையின் உண்மையான பருமனைக் காட்டாது. சேவல், பேடு எண்ணிக்கைகளின் பெருக்கத்தை நான்கால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்கக் கிடைப்பதே வினைத்திறனான குடித்தொகைப் பருமன். 1 சேவலும் 9 பேடுகளும் கொண்ட மந்தைக்கு அது 3.6 மட்டுமே, 3 சேவல்கள் இருப்பின் 9. உறவுப் பறவைகள் இணைவதால் ஒரே மூதாதையின் பரம்பரையலகு தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் குஞ்சை அடைவது உள்விருத்தி எனப்படும். இந்த உள்விருத்தி முதல் மந்தையில் தலைமுறைக்கு ஏறக்குறைய 14 சதவீதமும் இரண்டாவதில் 5.6 சதவீதமும் கூடுகிறது. அது கூடக்கூட மறைந்திருந்த பின்னிடைவான குறைகள் வெளிப்பட்டு, பொரிக்கும் வீதம் தாழ்ந்து, குஞ்சுகள் நலிகின்றன.

பெப்ரவரி 2
மூன்று சேவல்களை ஒரே அடைப்பில் விட்டால், வலியது மற்றவற்றை விரட்டிப் பெரும்பாலான பேடுகளோடு தானே இணைவதால், கணக்கில் மூன்றாயினும் நடைமுறையில் ஒன்றே. எனவே ஒவ்வொன்றுக்கும் தனிக் கூடும் தனிப் பேடுகளும் வேண்டும். பேட்டின் உடலில் விந்தணு பல வாரங்கள் உயிரோடு தங்குவதால், சேவலை மாற்றிய உடனே இடப்படும் முட்டையின் தந்தை முன்னையதாகவும் இருக்கலாம். 28 நாள் அடைகாப்பு முடிந்து குஞ்சு வெளிவந்த அன்றே கால் வளையம் இடப்படாவிடில், தாய் தந்தையரைப் பின்னர் அறிய வழியில்லை.

மார்ச் 8
புதிய குருதி தேவை என்பதற்காக அகன்ற மார்புடைய வணிக வெள்ளையினத்தை நாடுவது பொருந்தாது. அதன் சேவல் பருமன் மிகுதியால் இயற்கையாக இணைய இயலாததாய், செயற்கை விந்தூட்டலையே நம்பியுள்ளது. சென்னையில் உருவான நந்தனம் வான்கோழி-1, கறுப்பு நாட்டு வகையோடு பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளையைக் கலந்து பெறப்பட்டது; உள்ளூர் வகையைக் கைவிடாத அந்த அணுகுமுறையே கெலிஓயாவுக்கு ஏற்றது.

மார்ச் 15
உலக உணவு விவசாய நிறுவனம் வேண்டும் குறைந்தபட்ச வினைத்திறனான பருமன் 50. தனியொரு வீட்டுத் தோட்டத்தில் அது எட்டாத எண். ஆயினும் 3 சேவல்களும் 9 பேடுகளும் உள்ள ஆறு வீடுகள் ஒரே மந்தைபோல் இயங்கினால் 54 கிட்டும். கெலிஓயாவைச் சூழ, பேராதனை முதல் கம்பளை வரை வான்கோழி வளர்ப்போர், பேடுகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, இளஞ்சேவல்களை ஒரே வரிசையில் அடுத்த வீட்டுக்கு அனுப்பி, வந்த பறவையை ஒரு மாதம் ஒதுக்கி வைத்துப் பின் சேர்க்க வேண்டும். அடுத்த நத்தார் விற்பனைக்கு முன்னரே அந்தச் சேவல்களைத் தெரிந்து ஒதுக்கிவிடுங்கள்.