உயிரோடு உலவும் பழைய ஊர்

ஓடிப்போன காலம் திரும்பி வருமா? வராது. ஆனால் அது திரும்பி வந்ததுபோல் ஓர் ஊரை அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் அமைத்து வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் வில்லியம்ஸ்பர்க். வாருங்கள் வாசக நேயர்களே, ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்.

1699 முதல் 1780 வரை வெர்ஜீனியாவின் தலைநகராக இருந்தது இந்த ஊர்தான். தலைநகரம் ரிச்மண்டுக்கு மாறியதும் இதன் செல்வாக்கு போயிற்று. பழைய வீடுகள் பாழடைந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்று குட்வின் என்ற பாதிரியார் துடித்தார். கோடீசுவரர் ஜான் ராக்ஃபெல்லரின் மகனிடம் பேசி இணங்க வைத்தார். 1926-இல் வேலை தொடங்கியது. 80-க்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள் பழுது பார்க்கப்பட்டன. இடிந்து போனவை பழைய அஸ்திவாரத்தின் மேலேயே மீண்டும் எழும்பின.

ஏறக்குறைய ஒரு மைல் நீளமுள்ள முக்கிய வீதியில் குதிரை வண்டி போகிறது. 200 ஆண்டுகளுக்கு முந்திய உடையில் ஆண்களும் பெண்களும் எதிர்ப்படுகிறார்கள். எல்லாரும் இந்த அருங்காட்சியகத்தின் ஊழியர்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துக் காட்டாமல், அந்த வேலையையே கண்ணெதிரில் செய்து காட்டுவதுதான் இங்கே விசேஷம்.

கொல்லன் பட்டறையில் ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்து எடுக்கிறார்கள். செங்கல் சூளைப் பக்கம் போனால், களிமண்ணை வெறுங்காலால் மிதிக்க நம்மையும் கூப்பிடுவார்கள். சமையற்கட்டு வீட்டோடு ஒட்டாமல் தனியாக நிற்கிறது. தீ பரவாமலும் வெக்கை வீட்டுக்குள் வராமலும் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அங்கே கொக்கோ விதையை வறுத்து, சூடேற்றிய கல்லின்மேல் போட்டு அரைப்பதைப் பார்த்தால் நம் வீட்டு அம்மி நினைவுக்கு வரும்!

இன்னொரு கடையில் பொய்முடி பின்னுகிறார்கள். அக்காலத்துப் பணக்கார ஆண்கள் சொந்த முடியை மழித்துவிட்டுப் பொய்முடி வைத்துக்கொள்வதைக் கௌரவமாக நினைத்தார்கள். மனித முடியோடு குதிரை முடி, ஆட்டு முடியும் இதற்கு உதவின. சற்றுத் தள்ளி ஊர்ச் சிறைச்சாலை. 1718-இல் கொல்லப்பட்ட கறுந்தாடி என்ற பேர்போன கடற்கொள்ளைக்காரனின் ஆட்கள் அடைபட்டுக் கிடந்த இடம் அது.

புகையிலையே பணம்

இத்தனை ஆடம்பரத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? புகையிலைத் தோட்டங்களிலிருந்து. புகையிலையே அங்கே நாணயமாகவும் செலாவணியானது. ஒரு பாதிரியாரின் ஆண்டுச் சம்பளம் 16,000 ராத்தல் புகையிலை என்று சட்டமே இருந்தது!

அதை விளைவித்தவர்கள் யார்? முதலில் இங்கிலாந்தின் ஏழைகள். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைப்பதாக ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து வந்தார்கள். நம் பாட்டன்மார் காலத்து ஒப்பந்தக் கூலி முறை உங்கள் நினைவுக்கு வருகிறதல்லவா? 1619-இல் ஆப்பிரிக்கர்களும் கொண்டுவரப்பட்டார்கள். நாளாக ஆக, கறுப்பு மக்களுக்கு விடுதலை நாளே இல்லாமல் போயிற்று. அடிமைத் தாய் பெற்ற பிள்ளையும் அடிமையே என்று 1662-இல் சட்டம் வந்தது.

1770-களில் இந்த ஊர் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் கறுப்பர்கள். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். சமைத்ததும், துவைத்ததும், குதிரையைப் பார்த்துக்கொண்டதும் அவர்களே. ஆனாலும் அருங்காட்சியகம் திறந்து வெகுகாலம்வரை துரைமார் கதைதான் பெரிதாகப் பேசப்பட்டது. 1979-இல்தான் கறுப்பு மக்களின் வாழ்வை நடித்துக் காட்டும் திட்டம் தொடங்கியது.

ஓடிப்போனவனின் அடையாளம்

அச்சகத்தில் எழுத்துகளைக் கையால் கோத்து, மைதடவி, அழுத்தி எடுக்கிறார்கள். 1736-இல் இவ்வூரில் 'வெர்ஜீனியா கெஜட்' என்ற பத்திரிகை தொடங்கியது. ஓடிப்போன அடிமைகளையும் ஒப்பந்தக்காரர்களையும் பிடித்துத் தரச் சொல்லும் விளம்பரங்கள் அதில் ஏராளம்.

1776 ஜூலையில் வந்த ஒரு விளம்பரம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஓடிப்போன வேலையாள் பிறப்பால் ஆசியாவின் இந்தியன் என்கிறது அது! பெயர் ஜான் நியூட்டன், வயது சுமார் இருபது, நீண்ட கருங்கூந்தல், முடிதிருத்துவதில் கெட்டிக்காரன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, அதில் இல்லை. எல்லா மனிதரும் சமம் என்று அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்ததும் அதே ஜூலை மாதத்தில்தான். அந்த வாலிபன் ஓடியிராவிட்டால் அந்தப் பத்திரிகையில் அவனைப் பற்றி ஒரு வரிகூட வந்திருக்காது.

ஒளிந்திருந்த பள்ளிக்கூடம்

கடைசியாக ஒரு சிறு வீட்டின் முன் நிற்போம். 1760-இல் கறுப்புப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பிரே பள்ளி இதில்தான் முதலில் நடந்தது. ஆன் வேகர் என்ற அம்மையார் தனியொருவராகப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு மதத்தையும் கீழ்ப்படிதலையும் புகட்டுவதே பள்ளியை நடத்தியவர்களின் நோக்கம். ஆனால் எழுத்தறிவு கட்டுப்பட்டு நிற்குமா? படிக்கக் கற்ற பிள்ளை எதையும் படிக்கும்! 1774-இல் ஆசிரியை இறந்ததும் பள்ளி மூடப்பட்டது.

பிறகு அந்த வீடு வேறொரு கட்டடத்தின் உள்ளே மறைந்தே போனது. அதன் மரச்சட்டங்களை ஆராய்ந்து, இதுதான் அந்த வீடு என்று 2020-இல் உறுதி செய்தார்கள். 2023-இல் வீட்டை அப்படியே வண்டியில் ஏற்றி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

துரைமார் வீடுகளை முதலில் மீட்ட ஊர் அது. பிள்ளைகள் படித்த இந்தச் சின்ன வீட்டை மீட்க அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின. நம் லயங்களும் தோட்டப் பள்ளிகளும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பெயரையும், ஊரையும், பட்ட பாட்டையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். நம் பெயரை நாம் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?