சுவர் எங்கே? சஜனின் கைக்குத் தெரியும்!

கரன்ட் போன இருட்டிலும் அம்மா நேராகச் சமையலறைக்குப் போய்த் தீப்பெட்டியை எடுத்துவிடுவார். எத்தனை அடியில் கதவு, எங்கே அலமாரி என்ற கணக்கு அவர் மனதில் இருக்கிறது.

கேரளத்தில் பிறந்து நெய்வேலியில் வளர்ந்த நீச்சல் வீரர் சஜன் பிரகாஷுக்கும் அப்படியொரு கணக்கு தேவை. அம்மா சாந்திமோள் முன்னாள் தடகள வீராங்கனை, என்.எல்.சி. ஊழியர். மகன் நீந்தத் தொடங்கியது டவுன்ஷிப் நீச்சல் குளத்தில்தான்.

சஜனின் போட்டி 200 மீட்டர் பட்டர்ஃப்ளை. 50 மீட்டர் குளத்தில் மூன்று முறை திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டும் என்பது விதி. முகமோ தண்ணீருக்குள் தரையைப் பார்த்தபடி இருக்கும். தரையிலுள்ள கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்பே முடிந்துவிடும். அதைப் பார்த்த பிறகு யோசிக்க நேரமில்லை. கை பாதி வீச்சில் இருக்கும்போது சுவர் வந்துவிட்டால் வேகம் போய்விடும். முன்கூட்டியே கையை நீட்டிவிட்டால், சுவர் வரும்வரை மிதந்துகொண்டே போக வேண்டியதுதான்.

அதனால்தான் வீரர்கள் ஸ்ட்ரோக்குகளை எண்ணிப் பழகுகிறார்கள். உள்ளங்கையில் தண்ணீரின் அழுத்தம், தோளின் களைப்பு, உள்காது சொல்லும் உடலின் சாய்வு எல்லாம் சேர்ந்து மனதில் ஒரு வரைபடம் உருவாகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே போட்டியின்போது மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. பார்வை மறைந்த நிலையில், ஸ்ட்ரோக்குகளை எண்ணியே நீந்தினார். 1:52.03 நிமிடத்தில் உலக சாதனையுடன் தங்கம்!

சஜனுக்கு வந்த சோதனை வேறு மாதிரி. கழுத்தில் காயம், கொரோனாவால் மூடிய குளங்கள், அம்மாவை நேரில் பார்க்க முடியாத மாதங்கள். அத்தனையும் தாண்டி 2021 ஜூன் 26 அன்று ரோம் நகரில் குளத்தில் குதித்தார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான 'ஏ' தகுதி நேரம் 1:56.48. சஜன் எடுத்துக்கொண்டது 1:56.38. 'ஏ' தகுதியை எட்டிய முதல் இந்திய நீச்சல் வீரர் ஆனார்.

வித்தியாசம் வெறும் 0.10 விநாடி. மூன்று திருப்பங்களுக்கும் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் 0.03 விநாடி சொச்சம். கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஒரு திருப்பத்தில் கணக்கு பிசகியிருந்தாலும் அந்தத் தகுதி கை நழுவியிருக்கலாம்.

அடுத்த முறை நீச்சல் பழகும் பிள்ளையோடு குளத்துக்குப் போனால், "சுவர் வந்துடுச்சான்னு நிமிர்ந்து பார்க்காதே, எத்தனை ஸ்ட்ரோக்னு எண்ணு" என்று சொல்லிப் பாருங்கள்!