நாக்கில் சர்க்கரை மணலானது!

காரவள்ளியில் பஸ் வளைய ஆரம்பித்ததுமே எலுமிச்சம் பழத்தைக் கையில் எடுத்துக் கொண்டேன். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பதுக்கு மேல் நான் எண்ணவில்லை. கண்ணை இறுக மூடிக் கொண்டு விட்டேன். செம்மேட்டில் இறங்கிய பிறகுதான் போன உயிர் திரும்பி வந்தது.

இந்த மலைக்கு எல்லோரும் அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கவும், ஆயிரம் படி இறங்கி ஆகாய கங்கையில் குளிக்கவும் வருவார்கள். நான் வந்தது ஒரு கொடிக்காக.

என் மாமியாருக்குச் சர்க்கரை வியாதி. சிறுகுறிஞ்சான் இலை நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்தப் பெயரில் ஒரு நாற்று வாங்கித் தொட்டியில் வைத்தேன். ஜன்னல் கம்பியெல்லாம் ஏறி அமோகமாக வளர்ந்தது. நாலு இலையை அரைத்து மோரில் கலந்து கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பாவம், குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி! "என்னடி குடுத்தே எனக்கு?" என்று அவர் கேட்டாரே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கொடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்துக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுதான் மலை ஏறினேன்.

வழியெல்லாம் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. ஒரு வீட்டுத் திண்ணையில் பலாக்கொட்டை உரித்துக் கொண்டிருந்த பாட்டியிடம் கிளையைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துச் சிரித்து விட்டார்.

"இது நஞ்சறுப்பான், கண்ணு! விஷம் தின்னவங்களைக் கக்க வைக்கிறதுக்குக் குடுக்கிறது. கிள்ளினாப் பால் வர்றதெல்லாம் குறிஞ்சான் ஆயிடுமா?"

எருக்கங் குடும்பத்தில் இப்படிக் குழப்பும் கொடிகள் பல. வேலிப்பருத்தியை அடையாளம் காண்பது சுலபம்: இதய வடிவ இலை, கசக்கினால் நாற்றம், முள்முள்ளாக ஜோடிக் காய். நஞ்சறுப்பானின் இலை சற்றுத் தடிமன்; பூவின் உட்புறம் ஊதா பாய்ந்திருக்கும். பாட்டி வேலியில் காட்டிய சிறுகுறிஞ்சானில் சின்ன இலைகள் எதிரெதிராக இருந்தன. அடிப்புறத்தைத் தடவினால் மெல்லிய ரோமம். கணுவில் கொத்தாகக் குட்டி மஞ்சள் பூ.

இத்தனையும் சரியாக இருந்த பிறகுதான் வாயில் வைக்க விட்டார். ஒரு இலையை மென்று துப்பினேன்; ஒரே கசப்பு. "இப்போ இதைத் தின்னு" என்று வெல்லத்துண்டு ஒன்றைத் தந்தார். மண்ணாங்கட்டி! பையிலிருந்த சர்க்கரையைப் போட்டுக் கொண்டால் நறநறவென்று மணல். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலம், நாக்கில் இனிப்பை உணரும் இடங்களைச் சிறிது நேரம் அடைத்து விடுகிறதாம். ஹிந்தியில் இதற்கு 'குட்மார்', அதாவது வெல்லத்தைக் கொல்வது என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் நான் ஏமாறப் பார்த்தேன். நாக்கில் இனிப்பு போனால் ரத்தத்திலும் சர்க்கரை போய்விடும் என்று அர்த்தமில்லை. திரும்பி வந்து டாக்டரிடம் சொன்னபோது நன்றாக டோஸ் விட்டார். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயக்கம் கூட வரலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு இலையை நம்புவது அதைவிட ஆபத்து. சொந்த வைத்தியம் கூடவே கூடாது என்று சொல்லி விட்டார்.

கொடியை நான் விடவில்லை. பாட்டி தந்த முற்றிய தண்டை நாலு கணுவாக நறுக்கி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டேன். செம்மண், மணல், மக்கிய எரு. தண்ணீர் தேங்கினால் அழுகி விடும், ஜாக்கிரதை! விதைக்குச் சீக்கிரமே முளைப்புத் திறன் போய்விடுவதால் தண்டுதான் நம்பகம். துளிர்க்கும் வரை நிழலில் வைத்தேன்; இப்போது முல்லைப் பந்தலில் பாதியை இதுதான் பிடித்திருக்கிறது. நஞ்சறுப்பான் தொட்டியைக் கொல்லைக் கோடிக்குத் தள்ளி, பெயரெழுதிப் பலகை மாட்டியாயிற்று.

வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஒரு இலை கேட்கிறார்கள். மாமியார் மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை. "முதல்லே நீ மென்னு காட்டுடி" என்கிறார். மென்று காட்டி விட்டு, அன்றைக்குக் காலைக் காபியைக் கஷாயமாகக் குடிக்கிறேன்.