தேயிலை வந்த வழி

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் கொச்சி – தனுஷ்கோடி நெடுஞ்சாலை, முந்தலைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் மாந்தோப்புகளும் இலவ மரங்களும். சற்று உயர்ந்தால் மரநிழலில் வளரும் காப்பியும், அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகும். அதற்கும் மேலே ஏலத்தோட்டங்கள். உச்சியிலுள்ள போடிமெட்டில் தமிழகம் முடிகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டிப் பூப்பாறை வழியாக மூணாறு நோக்கிச் செல்லச் செல்ல, மலைகள் எங்கும் தேயிலை. காப்பி விளையும் நிலத்திலிருந்து தேயிலை விளையும் நிலத்துக்கு ஒரே பேருந்தில் ஒரு காலைப் பொழுதில் சென்றுவிடலாம்.

சாவடிக்கு இப்புறம் ‘ஒரு டீ’ என்று கேட்பவர், அப்புறம் ‘ஒரு சாயா’ என்கிறார். இரண்டும் சீனத்துச் சொற்களே. சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரை மக்கள் அவ்விலையைத் ‘தே’ என்றனர். டச்சு வணிகர் அங்கிருந்து கப்பலேற்றிய சரக்கோடு அச்சொல்லும் ஐரோப்பா சென்றது. சீனத்தின் பிற பகுதிகளில் அதன் பெயர் ‘சா’; சாய், சாயா என்பன அதன் வழிவந்தவை. ஆங்கிலத்தில் ‘டீ’ எனத் திரிந்துவிட்ட பழைய ஒலி, தமிழின் ‘தேயிலை’யிலும் ‘தேநீரி’லும் சிதையாமல் இருக்கிறது. காப்பிக்கு இப்பேறு வாய்க்கவில்லை. அதன் கொட்டை பிளவுபட்ட குளம்பைப் போன்றிருப்பதால் தனித்தமிழ் அறிஞர் ‘குளம்பி’ என்று பெயரிட்டனர். ஆயினும், கடையில் நின்று ‘ஒரு குளம்பி’ என்று கேட்பவர் அரியர்.

பெயரில் தோற்றாலும், மதிப்பில் காப்பிதான் முந்திக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தமிழ் நடுத்தர வீடுகளுக்குள் புகுந்து, விருந்தோம்பலின் அடையாளமாகவே ஆகிவிட்டதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் நூல் எடுத்துரைக்கிறது. காப்பிக் கொட்டை ஒன்றுகூடச் சேராத சுக்கு, மல்லிச் சாற்றுக்கும் ‘சுக்குக் காப்பி’ என்றே பெயர் வந்தது. தேநீரோ தெருமுனையில், உழைப்போர் கையில் வளர்ந்தது. அதுவும் தானாக வளரவில்லை. 1903இல் ஏற்றுமதித் தேயிலையின்மீது ஒரு தீர்வை விதிக்கப்பட்டது. அப்பணத்தைக் கொண்டு விளம்பரங்கள் செய்தும், இலவசமாக ஊற்றிக் கொடுத்தும் இந்நாட்டு மக்களைத் தேநீருக்குப் பழக்கினர். நாவின் விருப்பம் என்று கருதப்படுவதற்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு உண்டு.

காப்பிக்குப் பழகிய ஒருவர் தேநீருக்கு மாறும்போது, பெரும்பாலும் கடைத் தேநீரைக்கொண்டே அதனை மதிப்பிடுகிறார். கொதிகலனில் நீர், துணிப் பையில் தூள், அதிலிருந்து இறங்கும் கரிய சாறு, பாலும் சர்க்கரையும், உயரத் தூக்கி ஆற்றிய நுரை. போடிப் பக்கத்துக் கடை என்றால் நசுக்கிய ஏலக்காய் ஒன்றும் விழக்கூடும். குளிரில் நடுங்கி இறங்குபவருக்கு அதனினும் இனியது வேறில்லை. ஆனால், அது தேநீரின் ஒரு வகையே.

வெண்தேநீர், பசுந்தேநீர், ஊலாங், கருந்தேநீர் எல்லாம் ஒரே செடியின் இலைகள்தாம். வேறுபாடு, பறித்த பின்பு இலைக்கு நேர்வதில் இருக்கிறது. இலை நசுங்கியதும், அதன் சாறு காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து கருக்கத் தொடங்கும். நறுக்கி வைத்த வாழைக்காய் கருப்பதும் இவ்வாறே. பறித்த சிறிது நேரத்தில் சூடேற்றி அம்மாற்றத்தைத் தடுத்துவிட்டால் பசுந்தேநீர். பாதியில் நிறுத்தினால் ஊலாங். முற்றிலும் கருக்கவிட்டால் கருந்தேநீர். இளமொட்டுகளை உருட்டாமல் வாடவைத்து உலர்த்தினால் வெண்தேநீர். கருந்தேயிலைக்குக் கொதிநீர் வேண்டும். பசுந்தேயிலைக்கு அது ஆகாது. கொதி அடங்கிய நீரை ஊற்றி, இரண்டு மூன்று நிமிடங்களில் வடித்துவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டுக் ‘கசக்கிறது’ என்று பசுந்தேநீரைப் பழிப்போர் பலர்.

கருந்தேயிலையிலும் இருவகை உண்டு. இலையை முறுக்கி உருட்டிச் செய்வது பழைய முறை. வேறுவேறு வேகத்தில் சுழலும் பல் உருளைகளுக்கிடையே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திர முறை 1930களில் அசாமில் தோன்றியது. பின்னதில் கிடைக்கும் சிறு மணிகள் விரைவில் நிறமும் கடுப்பும் இறக்கும். பாலுக்கு அவையே பொருத்தம். மணம் நாடுவோர் முன்னதையே நாட வேண்டும். தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலையில் அம்முறை இன்றும் நடைபெறுகிறது. ஏறத்தாழ 8,000 அடி உயரத்திலுள்ள அத்தோட்டத்துக்குப் போடிமெட்டைக் கடந்து, கேரளத்துச் சூரியநெல்லி சென்று, அங்கிருந்து ஜீப்பில்தான் ஏறவேண்டும். குளிர்ந்த உயரத்தில் கொழுந்து மெல்லத் துளிர்க்கிறது. மணம் அதனால் செறிகிறது. அத்தேநீரில் பாலைச் சேர்ப்பது வீண்.

உடல்நலம் கருதிக் காப்பியை விடுவோரும் உளர். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, 150 மில்லி லிட்டர் வடிகாப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரையும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரையும் காஃபின் உண்டு. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டலாகாது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இரண்டுமே வேண்டா என்கிறது அந்நூல்; அவற்றிலுள்ள டானின், உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. இட்லியோடு தேநீர் அருந்தும் வழக்கத்துக்கு இது கசப்பான செய்திதான்.

கோப்பையில் காப்பியை விட்டுத் தேநீருக்கு மாறுவது எளிது. மலை மாறியபோது தமிழர் வாழ்வே மாறியது. இலங்கை மலையகத்தில் முதலில் செழித்தது காப்பி. 1869இல் அங்கே இலைத்துரு நோய் தோன்றியது; இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. காப்பிப் பழம் பருவத்தில் மட்டும் பறிப்பது. தமிழகத்திலிருந்து சென்றவர்கள் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. குடும்பங்கள் அங்கேயே தங்கின. வரிசை வீடுகளான ‘லயங்கள்’ நிலையான குடியிருப்புகள் ஆயின.

போடிமெட்டுக்கு அப்பாலும் வெள்ளைத் தோட்ட முதலாளிகள் காப்பி, சின்கோனா முதலியவற்றைப் பயிரிட்டுப் பார்த்தே தேயிலைக்கு வந்தனர். கண்ணன் தேவன் மலைகளில் 1880இல் முதல் தேயிலையை நட்டவர் ஏ. எச். ஷார்ப். காடழிக்கவும் கொழுந்தெடுக்கவும் சமவெளித் தமிழர் மேலே சென்றனர். தேயிலை கீழே வந்தது. 1902இல் மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளம் இடப்பட்டு, 1908இல் அது குறும்பாதை ரயிலாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிக்கு. பின்னர் இருப்புப்பாதையிலும் கப்பலிலும் இங்கிலாந்துக்கு. 1924 வெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துச் சென்றுவிட்டது. நல்ல இலை போடியைக் கடந்து போயிற்று; போடியின் கடைகளில் கொதித்தது தூள்.

ஒரு கிலோ தேயிலைக்கு நான்கு, ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதைப் பறிக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. 2015 செப்டம்பரில், குறைக்கப்பட்ட மிகையூதியத்தை 20 விழுக்காடாகத் தருமாறு மூணாற்றுத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் திரண்டு, சாலையில் அமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். அவர்கள் மறித்தது, போடிமெட்டு வழியாக ஏறிச்செல்லும் இதே நெடுஞ்சாலையை. கேட்ட மிகையூதியம் கிடைத்தது. அப்போது அவர்களின் நாள் கூலி 232 ரூபாய். அடுத்த மாதம் அது 301 ரூபாயாக உயர்த்தப்பட்டது.